மாண்டிசோரி அம்மையார்

நியாயஸ்தலத்தில் சாட்சியை விசாரிக்கப் புகும் இளம் வக்கீலுக்கு மூத்த வக்கீல்கள் முதன் முதலாகப் போதிக்கும் பாடம் ஒன்றுண்டு. சாட்சி உண்மையைச் சொல்லத் தொடங்கிய தறுவாயில் குறுக்கே பேசி அதனைக் கெடுத்துவிடலாகாது என்பதே அப்பாடம். நாமும் அதனைப் பல முறை கேட்டு, சில முறை மறந்து, மறந்ததற்குரிய பலனையும் அனுபவித்திருக்கிறோம். இப்பாடத்தைச் சிறு குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சென்ற ஒரு பெண்மணியின் சரித்திரத்தை இன்று நமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் பெயர் பொறித்த பலகைகள் நம் பட்டணங்களில் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. பலகையைப் பார்த்தவர் பலர். அம்மையார் செய்தது யாதென விசாரித்தவர் சிலர். மரச் சாமான்களும் வர்ண மணிகளும் செய்து கொடுத்தவர் என்ற அளவிலே அவர் புகழ் நம்மிடையே நின்றுவிட்டது. அவையெல்லாம் அவர் தொண்டின் சிறு பகுதியே. உபாத்தியாயர் குழந்தையின் அருகில் எவ்வாறு நிற்க வேண்டும், எப்பொழுது பேச வேண்டும், எப்பொழுது வாய் மூடிப் பார்த்திருக்க வேண்டும் என்பவற்றை அவர் கண்டு சொன்னதே பெரும் பகுதி.

1870-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, இத்தாலி தேசத்தில் அங்கோனா ஜில்லாவைச் சேர்ந்த கியாரவாலே என்னும் ஊரில் மரியா பிறந்தார். சிதறிக் கிடந்த இத்தாலிய ராஜ்யங்கள் ஒன்றுபட்டு ஒரு தேசமாக உருக்கொண்ட காலம் அது. குழந்தை பிறந்து மூன்று வாரம் நிறைவதற்குள் இத்தாலியப் படைகள் ரோமாபுரிக்குள் பிரவேசித்தன. ஆகவே அம்மையாரும் ஐக்கிய இத்தாலியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தவழ்ந்து எழுந்தவர்கள் எனலாம். தந்தை அலெஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாய் ரெனில்டே படிப்பில் ஆசை மிகுந்தவர். மகளின் துணிச்சலான முயற்சிகளுக்கெல்லாம் அரணாக நின்றவர். 1875-ல் குடும்பம் ரோமாபுரியில் குடியேறிற்று.

மரியா 13-ம் வயதில், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே பயின்று வந்த தொழிற்கல்விப் பாடசாலையில் சேர்ந்தார். இஞ்சினீயராக வேண்டுமென்பது முதல் ஆசை. பின்னர் வைத்தியத்தில் மனம் சென்றது. பெண்ணாகப் பிறந்தவளுக்கு உபாத்தியாயினித் தொழில் போதாதா என்று பெற்றோர் கருதினர். அத்தொழில் மட்டும் வேண்டவே வேண்டாமென்று பெண் மறுத்தார். எதனை அன்று உதறினாரோ அதன் பெயராலேயே பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்தது. ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே நின்று பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது மரியாதைக் கேடு என்று கருதப்பட்டமையால், மற்ற மாணவர் அகன்ற பின்னர் தனியே அவ்வறையில் நின்று அவர் படிக்க நேர்ந்தது. 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே என்று பலர் எழுதுவர், அது சரியன்று. அவருக்கு முன்னும் சிலர் பெற்றிருந்தனர். இல்லாத பெருமையைச் சூட்ட வேண்டிய அவசியம் அம்மையாருக்கு இல்லை. அதே வருஷம் பெர்லின் நகரில் கூடிய மாதர் மகாநாட்டுக்கு இத்தாலியப் பிரதிநிதியாகச் சென்று, சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டுமென்று வாதாடினார்.

பட்டம் பெற்ற இளம் டாக்டருக்கு மனநோய் வைத்தியசாலையில் வேலை கிடைத்தது. அவ்வேலையின் பொருட்டு ரோமாபுரியின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருவார். புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் பெரியோருடன் அங்கேயே அடைத்து வைத்திருந்தனர். ஒரு நாள் அவர் கண்ட காட்சியைச் சரித்திரக்காரர் கூறுவர். உணவு முடிந்தபின் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தனர். காவற்காரி அதனைப் பேராசை என்று இகழ்ந்தாள். அம்மையாரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் எடுத்துத் தொட்டுப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளைத் தவிர வேறொரு பொருளும் அங்கே இல்லை. குழந்தைகளின் வயிறு நிறைந்திருந்தது. கைகளும் அறிவுமே பட்டினி கிடந்தன. இருவர் கண்டதும் ஒரே காட்சி. ஒருத்தி குற்றம் கண்டாள். மற்றொருவர் காரணம் கண்டார்.

அது முதல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வைத்தியர்களான இட்டார், செகுவின் என்னும் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். படித்ததுடன் அமையாமல், பொறுமையாக மொழிபெயர்த்துத் தம் கையாலேயே பிரதி செய்து கொண்டார். 1900-ல் இக் குழந்தைகளுக்கென ரோமாபுரியில் ஏற்பட்ட பாடசாலையில் டாக்டர் மாண்டெஸானோவுடன் தலைமை வகித்தார். பகலெல்லாம் தாமே குழந்தைகளுடன் இருந்து பழகிக் கற்பித்து, இரவில் குறிப்பு எழுதுவார். கல்விக்கு இலாயக்கற்றவரென்று தள்ளப்பட்ட சில பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரணப் பிள்ளைகளுக்குரிய பரீக்ஷையில் தேறினர். ஊரார் அதிசயித்தனர். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. இக் குழந்தைகள் இவ்வளவு தூரம் வரக்கூடுமானால், தேக சுகமும் புத்தி நலமும் உடைய பிள்ளைகள் அதே மட்டத்தில் நிற்பானேன்? அவர்களை எதுவோ தடுத்து நிறுத்துகிறது, அது யாது? அவர் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இக் கேள்விக்கு விடை தேடுவதிற் சென்றது.

ஈண்டு ஒரு விஷயத்தை மறையாமற் கூறுதல் நமது கடமை. பாதகமான சாட்சியத்தை ஒளிப்பது நேர்மையான வழக்காகாது. 1898-ல் அம்மையாருக்கும் டாக்டர் மாண்டெஸானோவுக்கும் மரியோ என்னும் ஆண் மகவு பிறந்தது. அவர்கள் விவாகம் செய்து கொள்ளவில்லை. விஷயம் வெளிப்பட்டிருந்தால் அக்காலத்து இத்தாலியில் அம்மையாரின் தொழிலும் மரியாதையும் அன்றே அழிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்க விடப்பட்டது. சில வருஷத்தில் டாக்டர் வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையார் அப்பாடசாலையை விட்டு விலகினார். தாயார் ரெனில்டே 1912-ல் காலமான பின்னரே மகன் அன்னையிடம் வந்து சேர்ந்தான். உலகத்துக் குழந்தைகளுக்காக வாதாடியவர் தம் குழந்தையின் இளமையைத் தூரத்தேயிருந்து பார்த்து மனம் வெதும்பினார். இதற்கு அவரைத் தூற்றுவோர் தூற்றுக. ஆடவனை ஒன்றும் கேளாது பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றும் சமூகத்தை நாம் முதற் பிரதிவாதியாகச் சேர்ப்போம்.

நிற்க, 1907-ம் வருஷத்துக்கு வருவோம். ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் பேட்டை ஒன்றிருந்தது. கட்டிடக் கம்பெனி ஒன்று அங்கிருந்த பாழான வீடுகளைப் புதுப்பித்துக் கூலி ஜனங்களைக் குடிவைத்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின்னர், பள்ளி வயதை எட்டாத சிறு பிள்ளைகள் மாடிப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினர். சுவரைச் செப்பனிடச் செலவாகும் பணத்தில் ஒரு பெண்ணை நியமித்துப் பிள்ளைகளை ஓரறையில் அடக்கி வைத்தால் இலாபமென்று கம்பெனியார் கணக்கிட்டு, அதற்குத் தலைமை வகிக்குமாறு அம்மையாரை வேண்டினர். ஆகவே குழந்தைகளிடம் உள்ள அன்பினால் அன்று, சுவர்களிடம் உள்ள அன்பினாலேயே அப்பாடசாலை தோன்றியது. 1907 ஜனவரி 6-ந் தேதி மார்ஸி வீதி 58-ம் இலக்க வீட்டில், மூன்று முதல் ஆறு வயதுக்கு உட்பட்ட சுமார் 50 குழந்தைகளுடன் அது திறக்கப்பட்டது. குழந்தைகளின் இல்லம் என்று அதற்குப் பெயரிட்டனர். பிள்ளைகளைச் சுத்தமாக அனுப்புதலும், வாரம் ஒரு முறையேனும் வந்து ஆசிரியையுடன் கலந்து பேசுதலும் தாய்மாரின் கடமையென விதி எழுதித் தொங்கவிட்டனர். ஆசிரியையும் அதே கட்டிடத்தில் ஜனங்களுடன் வசிக்க வேண்டியவளானாள்.

முதலில் வந்த ஆசிரியை போதனா முறைப் பயிற்சி ஒன்றும் பெறாத சாமானியப் பெண். பயிற்சி பெற்றவள் வந்திருந்தால் தான் படித்ததைக் குழந்தைகள்மீது சுமத்தியிருப்பாள் எனக் கருதி அம்மையார் இதனை நல்ல காலமாகவே கொண்டார். தாம் செய்வித்த சாமான்களைக் கொடுத்து, குழந்தைகள் அவற்றை எவ்வாறு கையாளுகின்றனர் என்று பார்த்துச் சொல்லும்படி பணித்தார். தாமும் வந்தமர்ந்து பார்த்தார்.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத் தண்டுகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளை அவளைச் சுற்றிப் பாடச் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த சிறு நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். சாமான்களை மடியில் பற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் அவ்வாறு செய்தபின், தூங்கி எழுந்தவள் போல் முகம் மலர்ந்து தானே நிறுத்தினாள். சிறு குழந்தையின் மனம் ஒரு நிலையில் நில்லாது என்பது அதுகாறும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயம். அது குழந்தையின் சுபாவமா, அல்லது நாம் அடிக்கடி குறுக்கிட்டதால் விளைந்த வழக்கமா என்ற சந்தேகம் அன்று பிறந்தது.

இன்னொரு நிகழ்ச்சியை அம்மையார் தமது நூலில் விவரிக்கிறார். அதனை உபாத்தியாயர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பொம்மைகளைச் சுற்றிக் குழந்தைகள் கூடி நின்றனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் வெளியே அகப்பட்டுக்கொண்டான். இடித்துப் புகப் பார்த்தான், முடியவில்லை. சற்று நின்று யோசித்தான். மூலையில் ஒரு சிறு நாற்காலி அவன் கண்ணிற் பட்டது. அதைக் கொணர்ந்து ஏறிப் பார்க்கலாமென்ற எண்ணத்தால் அவன் முகம் பிரகாசித்தது. நாற்காலியை நோக்கி நடக்கும்போது, இரக்கமுள்ள ஆசிரியை ஓடி வந்து அவனை வாரி எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பொம்மைகளைக் காட்டினாள். குழந்தை பொம்மைகளைக் கண்டான். அவன் முகத்தில் இருந்த பிரகாசம் போய்விட்டது. தானே ஒரு தடையை வென்றோம் என்ற மகிழ்ச்சியை அவன் அடையவிருந்த சமயத்தில் ஆசிரியையின் தயை அதனைப் பறித்துக்கொண்டது. அவள் கொடியவள் அல்லள், அன்புள்ளவள். ஆயினும் பார்க்கவில்லை. குழந்தையின் தேவையைப் பார்த்தாளேயன்றி, குழந்தை தன் தேவைக்குத் தானே தேடிய வழியைப் பார்க்கவில்லை.

அவ்வாறாயின் உபாத்தியாயர் சும்மா இருப்பதே போதுமா? இல்லை. இவ்விடத்தில்தான் அம்மையாரை நம்மவர் பலர் தவறாகக் கொள்கின்றனர். குழந்தைகளைத் தடுக்கலாகாதென்று கேட்ட ஓர் ஆசிரியை, அவர்கள் மேஜைமேல் கால் நீட்டுவதையும், மூக்கில் விரல் விடுவதையும், ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுவதையும் அசையாமல் பார்த்து நின்றாள். அம்மையார் உடனே தலையிட்டு அவற்றை உறுதியாக நிறுத்தினார். பிறருக்குத் தீங்கும் அருவருப்பும் விளைவிக்கும் செயல் எதுவும் சுதந்திரத்தில் அடங்காது. கூட்டத்தின் நலமே தனியொருவரின் சுதந்திரத்துக்கு எல்லை என்று அவர் வரையறுத்தார். அசையாமல் இருப்பது நன்மை, அசைவது தீமை என்று குழந்தை எண்ணும்படி செய்வதே பழைய பள்ளிக்கூடத்தின் பெரும் பிழை. எது பயனுள்ள முயற்சி, எது பயனற்ற குழப்பம் என்று பிரித்தறிதல் உபாத்தியாயரின் முதல் வேலை. அப்பகுத்தறிவு பார்த்துப் பார்த்தே வரும். நம் நேயர்களில் அரசியற் பணியில் ஈடுபட்டோர் இதனை எளிதில் உணர்வர். அடக்குமுறையும் அராஜகமும் ஒன்றுக்கொன்று மருந்தல்ல.

மற்றொரு நாள் சாமான் அலமாரியைப் பூட்ட மறந்த ஆசிரியை, தாமதித்து வந்து பார்த்தபோது, குழந்தைகள் தாமே திறந்து பொருள்களை எடுத்துக் கொண்டிருந்தனர். அவள் அதைத் திருட்டென்று எண்ணித் தண்டிக்க வேண்டுமென்றாள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறதென்று அறிந்து, தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கும் அளவுக்கு அவர்கள் வளர்ந்துவிட்டனர் என்று அம்மையார் கண்டார். அது முதல் அலமாரிக்குப் பூட்டில்லை. உயரமும் குழந்தையின் கைக்கு எட்டும் அளவாயிற்று. வேறொரு நாள் மூக்குச் சிந்தும் முறையைச் சிறிது வேடிக்கையாகவே செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, கையொலி எழுப்பினர். அப்பொழுதுதான் அம்மையாருக்கு உண்மை விளங்கிற்று. ஒழுகும் மூக்குக்காக அக் குழந்தைகளை எல்லோரும் ஓயாமல் வைதிருக்கின்றனர். எப்படிச் செய்ய வேண்டுமென்று மரியாதையுடன் காட்டியவர் ஒருவருமில்லை.

இத்தகைய காட்சிகளிலிருந்து அம்மையார் உபாத்தியாயருக்குச் சில விதிகளை வகுத்தார். பாடம் சுருக்கமாக இருத்தல் வேண்டும். சொற்களை எண்ணிச் செலவிட வேண்டும். பொருளின் பெயரை முதலிற் சொல்லுக. அடுத்து, பெயரைச் சொல்லிப் பொருளைக் காட்டச் செய்க. பின்னரே பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்க. குழந்தை தவறினால் வற்புறுத்தலாகாது. தவறினாய் என்று முகத்திற் காட்டவும் ஆகாது. அதற்குரிய வேளை வரவில்லையென்று விட்டுப் பிறிதொரு நாள் தொடங்க வேண்டும். குழிக்குப் பொருந்தாத தண்டு தானே குழந்தையின் பிழையைக் காட்டிவிடுமாதலின், பிழை திருத்தும் வேலையில் பாதி உபாத்தியாயர் கையை விட்டுப் போயிற்று. அவருக்கு மிஞ்சியது பார்த்தல். அதற்கும் ஒழுங்கு வகுத்தார். குழந்தை எப்பொழுது ஒரு வேலையில் நிலைத்தது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை முறை திரும்பச் செய்தது, அழைத்தபோது எவ்வாறு வந்தது என்று குறித்து வைக்கச் சொன்னார். அக்குறிப்புகளால் ஒரு புதுமை வெளிப்பட்டது. காலை 10 மணி அளவில் வகுப்பில் சலசலப்பு எழும். குழந்தைகள் களைத்துவிட்டனர் என்று எண்ணி ஆசிரியை வேலையை நிறுத்திவிடுவாள். நிறுத்தாமல் பொறுத்திருந்தால், சிறிது நேரத்தில் அவர்கள் தாமாகவே அன்றைய வேலைகளில் மிகக் கடினமானதை எடுத்து அமைதியாக ஆழ்ந்தனர். களைப்பென்று தோன்றியது பெரு முயற்சிக்கு முன் வரும் தயக்கமே.

1909-ல் அம்மையாரின் முதல் கல்வி நூல் வெளிவந்தது. 1912-ல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் ரோமாபுரிக்கு யாத்திரை வந்தனர். 1913-ல் அமெரிக்கா சென்றபோது பெரும் வரவேற்பு நிகழ்ந்தது. 1915-ல் சான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பெரும் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களால் ஒரு வகுப்பறை அமைத்தனர். வெளியே ஜனத்திரள், உள்ளே குழந்தைகள் தத்தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். குழந்தைகளைப் பார்க்க வேண்டுமென்ற அம்மையாரின் கொள்கை அங்கே கண்கூடாயிற்று. ஆயினும் அவ்வூக்கம் நெடுநாள் நிற்கவில்லை. கில்பாட்ரிக் என்னும் அமெரிக்கக் கல்வி ஆசிரியர் 1914-ல் எழுதிய கண்டன நூல், இம்முறையில் குழந்தைகள் கூடி வேலை செய்தற்கும் கற்பனைக்கும் போதிய இடமில்லையென்று கூறிற்று. அக்கண்டனத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூறோம். அன்றியும், தம் முறையில் ஒரு சாமானையும் மாற்ற அம்மையார் இணங்கார். பயிற்சி அளிக்கும் உரிமையையும் பிறருக்கு எளிதில் விடார். குழந்தையை நம்பிய அளவு தம் சிஷ்யர்களை அவர் நம்பவில்லை.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. 1924-ல் முஸோலினி அவரது முறைக்கு ராஜாங்க ஆதரவு அளித்தபோது அம்மையார் அதனை ஏற்றுக்கொண்டார். பாடசாலைகள் பெருகினால் போதும், கொடுப்பவன் யாரெனக் கேட்பானேன் என்று அவர் கருதினார் போலும். தானாக யோசிக்கும் குழந்தையும், யோசியாமற் கீழ்ப்படியும் பிரஜைகளை விரும்பும் சர்வாதிகாரியும் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் வாழ்தல் கூடும்? 1934 அளவில் தொடர்பு முறிந்தது. இத்தாலியில் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் அவ்வாறே மூடிற்று. பார்ஸலோனாவில் வசித்து வந்தவரை 1936-ல் ஸ்பானிய உள்நாட்டு யுத்தம் துரத்திற்று. முதியவர் ஹாலந்தில் அடைக்கலம் புகுந்தார். பள்ளிக்கூடத்தின் சிறு நாற்காலிக்கும் சர்வாதிகாரியின் சிம்மாசனத்துக்கும் பகை உண்டென்பதை அவர் காலந்தாழ்த்தே அறிந்தார். அறிந்தபின் சமாதானத்துக்கு அடிப்படை குழந்தைக் கல்வியே என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவை இனிக் கூறுவோம். 1931-ல் வட்ட மேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்து, அவரது பயிற்சிக் கழகத்தில் உரையாற்றினார். அதற்கு முன்பே, நம்மைப் போல் வக்கீல் தொழிலிலிருந்த கிஜுபாய் பதேகா என்னும் குஜராத்திப் பெரியார் அம்மையாரின் நூல்களால் ஈர்க்கப்பட்டுத் தொழிலை விட்டு, 1920-ல் பவநகரில் பால மந்திரம் தொடங்கியிருந்தார். 1939-ம் வருஷக் கடைசியில் பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலின் அழைப்பின்மேல் அம்மையார் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 மாணவர் கூடினர். அம்மையார் இத்தாலிய பாஷையிற் பேச, மகன் ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

சில மாதம் தங்கித் திரும்பலாமென்று வந்தவர்களை யுத்தம் தடுத்தது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பிரிட்டிஷ் சர்க்கார் இருவரையும் எதிரி நாட்டுப் பிரஜைகளாகக் கொண்டது. மரியோவை ஆமதுநகர் முகாமில் அடைத்தனர். அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். முஸோலினியால் பாடசாலைகளை இழந்தவர், முஸோலினியின் நாட்டவர் என்ற குற்றத்துக்காக இங்கே காவலிற் பட்டார். அவ்வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி, அவரது 70-வது பிறந்த நாளன்று, வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாட் பரிசாக அவர் மகனை விடுவிப்பதாக அது அறிவித்தது. அதுகாறும் மரியோவை அவருடைய மருகன் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே உலகினர் அறிந்திருந்தனர். 42 வருஷங்களாக ஒளித்து வைத்த உறவு, அந்நிய ராஜாங்கத்தின் தந்தி ஒன்றினால் நம் சென்னையில் வெளிப்பட்டது. அம்மையார் மறுக்கவில்லை.

பின்னர் கோடைக்கானலில் சில வருஷம் தங்கினார். கராச்சி, ஆமதாபாத், இலங்கை முதலிய இடங்களிலும் உபாத்தியாயர்களைப் பயிற்றினார். நம் நாட்டுத் தாய்மார் சிசுக்களை இடுப்பில் ஏந்திச் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்வதையும், அச்சிசுக்கள் எல்லாவற்றையும் கண்ணாலும் காதாலும் பருகுவதையும் கூர்ந்து நோக்கினார். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலுள்ள பருவத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சி இங்கேதான் முதிர்ந்தது. ஆமதாபாத் உபந்நியாசங்களினின்றும் பிறந்த அவரது பெருநூல் 1949-ல் அடையாற்றில் வெளியிடப்பட்டது. 1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் கடற்கரையூராகிய நார்ட்விக்கில் அம்மையார் காலமானார்.

அவர் மறைந்தபின் அவர் பெயரைக் குறித்தே வழக்கு எழுந்தது. அது பொதுச் சொல்லாகிவிட்டது, ஒருவருக்கும் தனி உரிமையன்று என 1967-ல் அமெரிக்காவில் தீர்ப்பாயிற்று. ஆதலின் பலகையைக் கொண்டு பள்ளிக்கூடத்தை மதித்தல் இயலாது. உண்மையாகவே அம்முறையில் நடந்த பாடசாலையின் பயன் யாதென்பதை ஆராய்ந்தோரும் உண்டு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் சீட்டுக் குலுக்கி இடம் அளித்த ஒரு பொதுப் பாடசாலையில், இடம் பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு லில்லார்ட், எல்ஸ்-குவெஸ்ட் என்னும் இரு பெண்மணிகள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 5 வயதில் இடம் பெற்றவர் வாசிப்பிலும் கணக்கிலும் பிறரோடு பழகும் நேர்மையிலும் மேம்பட்டிருந்தனர். சிறுவர் வகுப்பறையில் ஒருவர் அமர்ந்து, ஆசிரியை குழந்தையிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்து மதிப்பிட்டு, அவளுக்கே அதனைக் காட்டித் திருத்தும் வழக்கமும் பல தேசங்களில் பரவியிருக்கிறது. 1907-ல் ஓர் ஏழைப் பேட்டையில் முளைத்த விதை இது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிற்று. அதன் 17-வது பிரிவு அடித்தலையும் மனத்தைப் புண்படுத்துதலையும் விலக்கிற்று. ஆறு வயதுக்கு உட்பட்ட சிசுக்களைப் பற்றிய 11-வது பிரிவோ, சர்க்கார் ஏற்பாடு செய்யலாம் என்று கூறுகிறதேயன்றிச் செய்ய வேண்டுமென்று கட்டளையிடவில்லை. 2002-ல் திருத்தப்பெற்ற அரசியல் சட்டத்தின் 45-வது விதியும் முயற்சி செய்க என்ற அளவில் நிற்கிறது. செய்யலாம் என்பதற்கும் செய்ய வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை வக்கீல்கள் அறிவர். அத்தூரத்தில்தான் நம் சிசுக்கள் அமர்ந்திருக்கின்றனர். 1975-ல் தொடங்கிய அங்கன்வாடிகளில் உணவு சமைப்பதும், எடை போடுவதும், புஸ்தகங்கள் எழுதுவதும் முடிந்தபின், ஒரு குழந்தையை உற்றுப் பார்க்க அப்பணிப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? அவளைக் குறை கூறுமுன் அவள் சுமையைக் குறைத்தல் வேண்டும். அவளுக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். அவள் ஊதியத்தை உயர்த்தல் வேண்டும்.

நம் நேயர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மேடையில் சுதந்திரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்குகிறவர், தம் ஊர்ச் சிறுவர் பள்ளியில் ஒரு மணி நேரம் மூலையில் வாய் மூடி அமர்ந்து பார்க்கட்டும். ஆசிரியை எத்தனை முறை அதட்டினாள், எத்தனை முறை காட்டிக் கொடுத்தாள், குழந்தை கேட்ட கேள்வி எத்தனை, விடை பெற்றது எத்தனை என்று ஒரு காகிதத்திற் குறிக்கட்டும். குறித்ததை அவளிடமே தாழ்மையுடன் பேசட்டும். பின்னர் அவளுக்கு வேண்டியவற்றைச் சர்க்காரிடம் உரக்கப் பேசட்டும். வீடு திரும்பியதும், அதே காகிதத்தின் மறு புறத்தில் தம் வீட்டுக் குழந்தையிடம் தாம் நடந்துகொள்வதையும் எழுதிப் பார்க்கட்டும். நாம் அவ்வாறு ஒரு நாள் எழுதிப் பார்த்தோம். அதட்டல் 11, குழந்தை சொன்னதை முடிவுவரை கேட்டது 2. அக் காகிதம் இப்பொழுதும் நம் மேஜையில் இருக்கிறது.